பச்சைப் பாதையில் வலது கை

ஜூன் 2, செவ்வாய்

இன்று எங்கள் புனித அன்னாள் தெருவுக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். இடது ஓரம் நெடுக, சாக்கடையை மூடியிருக்கும் சிமெண்ட் பலகைகளையும் சேர்த்து. இது இனிமேல் சைக்கிள் பாதையாம். நடுநடுவே வெள்ளை வண்ணத்தில் சைக்கிள் படம். குனிந்து பார்த்தேன். படத்தில் செயின் இல்லை.

"செயின் எங்கேப்பா?" என்று வண்ணக்காரரைக் கேட்டேன்.

"தகட்டுல அவ்வளவுதாம்மா வெட்டியிருக்கு."

"செயின் இல்லாம சைக்கிள் எப்படி ஓடும்?"

"படம்தானேம்மா. அது எங்க ஓடப் போவுது?"

பக்கத்து வீட்டு வெங்கடபதி சாரின் கார் பல வருடங்களாக அந்த ஓரத்திலேயே நிற்கிறது. அவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றபோது கடைசியாக ஓடியது என்று நினைக்கிறேன். வண்ணக்காரர்கள் அதை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார்கள். டயர்கள் காற்றிழந்து தரையோடு ஒட்டியிருந்தன. தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, காரைச் சுற்றி அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இருந்தாலும் மகிழ்ச்சிதான். எழுபத்திரண்டு வயதில் எனக்கென்று ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். இந்தத் தெருவில் சைக்கிள் ஓட்டும் பெண் நான் ஒருத்திதான். அதனால் எனக்கென்று என்று சொல்வதில் தவறில்லை.

ஜெசிந்தாவுக்கு இரவு போனில் சொன்னேன். மகள் என்றால் தாயின் மகிழ்ச்சியில் பங்கெடுக்க வேண்டும். அவள் கேட்டது இது: "மம்மி, கிறிஸ்மஸ்ல பேசினது ஞாபகம் இருக்குல்ல?"

இருக்கிறது. போன கிறிஸ்மஸ் சமயம் மீன் மார்க்கெட் வாசலில் விழுந்தேன். அதை நான் மறுக்கவில்லை, ஊரே பார்த்தது. அன்றைக்கு அவள் வைத்த நிபந்தனை: இன்னொரு தடவை விழுந்தால் சைக்கிள் பழைய இரும்புக்குப் போகும், நான் சென்னையில் அவளுடைய பதினோராவது மாடிக்குப் போக வேண்டும். ஒப்புக்கொண்டேன். வாக்கு வாக்குதான். அந்த மாடியிலிருந்து கீழே பார்த்தால் காக்கைகளின் முதுகு தெரியும். காக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு மிச்ச வாழ்நாளைக் கழிக்க எனக்கு விருப்பமில்லை.

ஜூன் 3, புதன்

காலைப் பூசைக்குப் புதுப் பாதையில் போனேன்.

பாதை தொடங்கும் இடத்தில் 'சைக்கிள் பாதை' என்று எழுதிய இரும்புப் பலகையை நட்டிருக்கிறார்கள். பாதையின் நடுவில். அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தால் வெங்கடபதி சாரின் கார். அதையும் சுற்றினால் தையல்கடைக்காரர் பாதைக்குள் எடுத்துப் போட்டிருக்கும் இஸ்திரி மேஜை. அதற்கடுத்து யாரோ பச்சை நிறம் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அப்பளம் காயப் போட்டிருக்கிறார்கள். அப்பளம் தாண்டினால் குருவம்மாளின் கம்மங்கூழ் வண்டி. மொத்தத்தில் பாதைக்குள் நான் இருந்த தூரத்தைவிட வெளியே இருந்த தூரம்தான் அதிகம்.

தெருமுனையில் வலது பக்கம் திரும்ப வேண்டும். வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, உள்ளங்கையை முன்பக்கம் காட்டினேன். கான்வெண்ட்டில் சிஸ்டர் பெர்னார்ட் விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். சைகை காட்டாமல் திரும்புவது பொய் சொல்வதற்குச் சமம் என்பார். அப்படித் திரும்பியவள் அன்று மாலை சிற்றாலயத்தில் முழங்காலில் நிற்க வேண்டும். ஆகையால் நான் ஒருமுறையும் சைகை இல்லாமல் திரும்பியதில்லை.

ஒரு ஷேர் ஆட்டோ என் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறுங்க பாட்டிம்மா. ஜங்ஷனா?"

"நான் உங்களைக் கூப்பிடல. திரும்பறேன்."

"திரும்பி வர்றதுக்கும் சேர்த்தே ஏறுங்க. இடம் இருக்கு."

"சைக்கிள்ல இருக்கிறது தெரியலையா?"

"அதுக்கென்ன, மேல கட்டிடலாம்!"

உள்ளே இருந்தவர்கள் எனக்கு இடம் விட்டு நகர்ந்துகூட உட்கார்ந்துவிட்டார்கள். இந்த ஊரில் நீட்டிய கைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

ஜூன் 4, வியாழன்

பச்சை வண்ணம் செருப்பில் ஒட்டுகிறது. வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 5, வெள்ளி

குருவம்மாளிடம் நேரடியாகப் பேசினேன்.

"இது சைக்கிள் போற பாதை. வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தணும்."

"என் வண்டியிலயும் சக்கரம் இருக்குல்ல, டெலிபோனம்மா?"

தொலைபேசி நிலையத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றதால் இந்தத் தெருவில் எனக்கு அந்தப் பெயர்.

"இருக்கு. ஆனா ஓடணும்."

"வெங்கடபதி அய்யா கார் ஓடுதா? அவரைப் போய்ச் சொல்லுங்க முதல்ல."

அவரிடமும் போனேன். வாசலில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், நீங்க படிச்சவங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. காரைச் சுத்தி அளவெடுத்து அடிச்சிருக்காங்க. அப்படின்னா என்ன அர்த்தம்? இந்த இடத்தை எனக்குன்னு ஒதுக்கியிருக்காங்க."

கூழ் வண்டி, கார் இரண்டையும் பற்றிப் புகார் சொல்ல மாநகராட்சிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் "ஹலோ, யாரு?" என்றார்.

"அதை நீங்கதான் முதல்ல சொல்லணும். எந்த ஆபீஸ், எந்தப் பிரிவு, யார் பேசறீங்க."

"நீங்கதானேம்மா போன் பண்ணீங்க? எங்க பண்றீங்கன்னு தெரியாமலா பண்ணீங்க?"

பிறகு "லைன்ல இருங்க" என்று சொல்லி ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் லைனில் இருந்தேன். மின்விசிறி ஓடும் சத்தமும் யாரோ முறுக்குத் தின்னும் சத்தமும் கேட்டன. என் காலத்தில் இதற்கு மெமோ கொடுத்திருப்பேன். முறுக்கு முடிந்ததும் வேறொருவர் வந்து, "வெயிட் பண்றீங்களா? யாருக்காக?" என்று கேட்டார்.

ஜூன் 7, ஞாயிறு

கல்லறைக்குப் போய் அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

என் கணவர் பாக்கியநாதன் உயிரோடு இருந்தவரை நான் ஆபீசுக்குச் சைக்கிளில்தான் போனேன். அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார மறுத்துவிட்டேன். ஓட்டத் தெரிந்தவள் எதற்குப் பின்னால் உட்கார வேண்டும்? அவருடைய ஆபீஸ் எதிர்த்திசையில் இருந்தது. ஆனாலும் தினமும் எனக்குப் பின்னால், ஒரு லாரி நீளத்துக்கு இடம் விட்டு, அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே வரும். நான் திரும்பிப் பார்த்ததில்லை. அவரும் சொன்னதில்லை. நான் கையை நீட்டும்போது அந்தச் சத்தம் வேகத்தைக் குறைக்கும். இந்த ஊரில் என் சைகையைப் புரிந்துகொண்ட ஒரே வண்டி அது.

ஜூன் 8, திங்கள்

இன்று தையல்கடையைத் தாண்டியதும் சைக்கிளை விட்டுச் சற்று அவசரமாக இறங்கினேன்.

நடந்தது இதுதான். சாக்கடைப் பலகைகளில் ஒன்று ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. அதன்மேல் பச்சை வண்ணம் அடித்துவிட்டதால் விரிசல் தெரியவில்லை. முன் சக்கரம் ஏறியதும் பலகையின் மூலை உள்ளே போய்விட்டது. சக்கரம் நின்றது. நான் நிற்கவில்லை.

இறங்கிய பிறகு சிறிது நேரம் தரையில் அமர்ந்திருந்தேன். காற்று நன்றாக வந்தது. என் கண்ணாடியும் தனியாக இறங்கியிருந்தது. அதைக் குருவம்மாள் எடுத்துக் கொடுத்தாள். என்னையும் தூக்கி நிறுத்தி, ஒரு சொம்பு கூழைக் கையில் திணித்தாள். வலது கையால் பிடிக்க முடியவில்லை. இடது கையால் குடித்தேன்.

"நல்லா விழுந்துட்டீங்களே!"

"விழல. அவசரமா இறங்கினேன்."

அவள் என்னைப் பார்த்தாள். என் முழங்கையைப் பார்த்தாள். புடவையில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்தாள்.

"சரி டெலிபோனம்மா. நான் எதையும் பாக்கல. நீங்க இறங்கினீங்க." பிறகு வண்டியைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கும் நான் இங்கதான் நிப்பேன்," என்றாள்.

அவளே வேப்பமரத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்து, அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டி, உடைந்த ஓட்டைக்குள் நட்டுவைத்தாள். இனி யாரும் அதில் அவசரமாக இறங்க மாட்டார்கள்.

விழுவது என்பது வேறு. விழுகிறவர் அலறுவார். நான் அலறவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

முழுக்கை ரவிக்கை அணிந்தேன். கோடையில் முழுக்கைதான் உடம்புக்கு நல்லது என்று எங்கோ படித்திருக்கிறேன்.

இடது கையால் எழுதிப் பழகுகிறேன். மூளைக்கு நல்லது. எழுத்து கோணலாக இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஜெசிந்தா வீடியோவில் கூப்பிட்டாள். "மம்மி, ஏன் சீலிங் ஃபேனையே காட்டறீங்க?"

"ஃபேன் ஓடுதான்னு பார்க்கிறேன்."

"ஃபேன் ஓடுது. உங்க முகம் எங்க?"

ஜூன் 10, புதன்

கூழ் வண்டியைப் பற்றி யோசித்தேன். உழைக்கும் மக்களுக்குக் குறைந்த விலையில் சத்தான உணவு கிடைக்கிறது. பாதையில் ஒரு வண்டி நிற்பதால் சைக்கிள்காரர்கள் வேகத்தைக் குறைத்துக் கவனமாகப் போகிறார்கள். இதை முன்பே நினைத்துப் பார்க்காதது ஆச்சரியம்தான்.

மாநகராட்சிக்கு மறுபடி போன் செய்து, கூழ் வண்டி பற்றிய என் புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், உடைந்த பலகை பற்றிப் புதிதாக ஒரு புகார் கொடுப்பதாகவும் சொன்னேன். பெயர் கேட்டார்கள். "ஒரு குடிமகள்" என்றேன். "இனிஷியல்?" என்று கேட்டார்கள்.

ஜூன் 12, வெள்ளி

வெந்நீர் ஒத்தடத்தில் கை கொஞ்சம் தேவலை. பேனா பிடிக்க முடிகிறது.

மாலையில் வாசலில் காலிங் பெல். மூன்று பேர் வந்திருந்தார்கள்: எங்கள் வார்டு கவுன்சிலர் தேன்மொழி, அவருடைய கணவர் கஜேந்திரன், இளம்பரிதி என்ற உதவிப் பொறியாளர். மூன்று பேர் வந்தாலும் பேசியவர் ஒருவர்தான். கவுன்சிலரிடம் "உட்காருங்க" என்றால் "பரவாயில்லம்மா" என்று கஜேந்திரன் சொல்கிறார். "காப்பியா டீயா?" என்றால் "அவங்களுக்கு டீ" என்கிறார். தேன்மொழி புன்னகை மட்டும் செய்தார்.

விஷயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை பாதைக்குத் திறப்பு விழா. மேடை, ரிப்பன், மைக் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார்கள். கடைசியில் யாரோ கேட்டார்களாம், சைக்கிள் எங்கே என்று.

"அம்மா, நீங்க முன்னாடி ஓட்டிக்கிட்டுப் போறீங்க. நாங்கல்லாம் பின்னாடி ஓட்டிக்கிட்டு வர்றோம். மூத்த குடிமகன், பெண்மணி, சைக்கிள், மூணும் ஒரே ஆள்ல! பேப்பர்ல படம் வரும்," என்றார் கஜேந்திரன்.

"தையல்கடை பக்கத்துல பலகை உடைஞ்சிருக்கு," என்றேன். "அதைச் சரி பண்ணாம விழா எப்படி நடத்துவீங்க?"

"மேடம், அந்த ஸ்லாப்புக்கு மூணு கோட் அடிச்சிருக்கோம்," என்றார் இளம்பரிதி, மனம் வருந்திய குரலில்.

"பெயிண்ட்டைச் சொல்லல. ஸ்லாப்பைச் சொல்றேன்."

"ஸ்லாப் வேற செக்ஷன் மேடம். ஆனா நீங்க கவலைப்படாதீங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள தெரியாத மாதிரி பண்ணிடறேன்."

மறுத்திருக்கலாம். கை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். தெரு முழுவதும் கேட்கும். மேலும், எனக்கென்று போட்ட பாதையை வேறு யார் திறந்து வைப்பது? ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 13, சனி

ஜெசிந்தா நாளைக் காலை ரயிலில் வருகிறாள். விழாவைப் பார்க்க வருவதாகச் சொன்னாள். "மம்மி, அப்படியே உங்க வலது கையையும் பார்க்கணும். பார்த்து ரொம்ப நாளாச்சு," என்றும் சொன்னாள்.

முழுக்கை ரவிக்கையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

ஜெசிந்தா வந்து இறங்கும்போதே நான் தயாராக இருந்தேன். கட்டிப் பிடித்தாள், வலிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். "இந்த வெயில்ல எதுக்கு முழுக்கை?" என்றாள். "விழாவுக்கு மரியாதை," என்றேன். நேரமில்லாததால் அதோடு விட்டாள்.

தெருவுக்குள் போனால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. இஸ்திரி மேஜையைக் காணோம். கூழ் வண்டியை அடுத்த தெருவுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். குருவம்மாள் பானையை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தாள். வெங்கடபதி சாரின் காரை ஆறேழு பேர் தள்ளி அப்புறப்படுத்தியிருந்தார்கள். அது நின்ற இடத்தில் கார் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரம். அவர் அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இடத்தை விட்டுக்கொடுத்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாதாம். விருந்தினர்களின் கார்களெல்லாம் எதிர்ப்பக்கம் இரண்டு வரிசையாக நின்றன.

வேப்பங்கிளையையும் காணோம். சிவப்புத் துணியையும் காணோம். தையல்கடையைத் தாண்டி எல்லாமே ஒரே பச்சை, ஒரே சமம். இளம்பரிதியைத் தேடிப் பிடித்தேன்.

"அந்த ஓட்டை?"

"பிளைவுட் போட்டு மேல பெயிண்ட் அடிச்சாச்சு மேடம். எங்க இருக்குன்னு எனக்கே தெரியல!" என்றார் பெருமையோடு.

"ஆள் ஏறினா தாங்குமா?"

"ஏறாம இருந்தா தாங்கும் மேடம்."

நான் கஜேந்திரனிடம் போய்ச் சொன்னேன். அவர் யாருக்கோ சால்வை போர்த்திக்கொண்டிருந்தார். "எல்லாம் பாத்துக்கலாம்மா, மணி ஆவுது," என்று எனக்கும் ஒரு சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்.

ரிப்பன் வெட்டினார்கள். நான் ஏறினேன். எனக்குப் பின்னால் இரவல் சைக்கிள்களில் முதலில் கஜேந்திரன், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. அவருக்குப் பின்னால் தேன்மொழி. அதற்கும் பின்னால் இன்னும் சிலர், பாதிப் பேர் உருட்டிக்கொண்டு. ஓரமாகக் கூட்டத்தோடு ஜெசிந்தா நடந்து வந்தாள், என் வலது பக்கமாகவே.

என் திட்டம் எளிமையானது. அந்த இடம் எனக்குத் தெரியும். பச்சைக்கு அடியில் இருந்தாலும் தெரியும். என் முழங்கைக்குத் தெரியும். அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் விலகி, யாரும் கவனிக்காமல் சுற்றிக்கொண்டு போய்விடுவது. சைகை கிடையாது. சைகை காட்டினால், வெறும் பச்சைத் தரையில் எதைக் கண்டு விலகுகிறாள் என்று ஜெசிந்தா கேட்பாள். அவளுக்குக் கணக்குத் தெரியும். ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிறாள். கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்லாவிட்டால் பதினோராவது மாடி.

தையல்கடை வந்தது. பின்னால் கஜேந்திரனின் சைக்கிள் கிறீச்சிட்டது. அதற்குப் பின்னால் தேன்மொழியின் மணிச் சத்தம். எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அங்கே ஓட்டை இருப்பது தெரியாது.

வலது கை தோள் உயரத்துக்குப் போய்விட்டது. நான் நீட்டினேன் என்று சொல்ல மாட்டேன். அதுவாகப் போனது, உள்ளங்கை முன்பக்கமாக. முழுக்கை ரவிக்கை மேலே ஏறி, மணிக்கட்டிலிருந்து கட்டியிருந்த கிரேப் பேண்டேஜ் தெரு முழுவதற்கும் தெரிந்தது.

எதிரே வந்த ஷேர் ஆட்டோ நின்றது. அதை விடுங்கள். கஜேந்திரன் என் கையைப் பார்த்தார். நான் கூட்டத்துக்குக் கையசைக்கிறேன் என்று நினைத்தார். அவரும் ஒரு கையைத் தூக்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்து, நேராகப் போனார்.

பிளைவுட் ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. சைக்கிளின் முன்பாதி சாக்கடைக்குள் போனது. கஜேந்திரன் விழாவுக்காக வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்த நிலையில் இருந்தார். வேட்டியெல்லாம் பச்சை. அவர் அலறினார். ஆகையால் அவர் விழுந்தார் என்றே எழுதலாம். அடி ஒன்றும் பெரிதாக இல்லை.

தேன்மொழி அழகாக என்னைப் போலவே விலகி, என் பக்கத்தில் வந்து நின்றார். "ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்க. கையைக் காட்டினீங்க, திரும்பினேன்," என்றார். நான் கேட்ட அவருடைய முதல் பேச்சு. இரண்டாவதைக் கூட வந்தவரின் கையிலிருந்த மைக்கை வாங்கிப் பேசினார்: "இந்த ஸ்லாப்பை நாளைக்குள்ள மாத்தணும். எந்த செக்ஷனா இருந்தாலும் சரி." கணவர் எழுந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "நீங்க முதல்ல காலைக் கழுவுங்க," என்று அதையும் மைக்கிலேயே சொன்னார். கைதட்டல் அப்போதுதான் உண்மையாக விழுந்தது.

ஜெசிந்தா கைதட்டவில்லை. என்னிடம் வந்தாள். ஓட்டையைப் பார்த்தாள், பேண்டேஜைப் பார்த்தாள்.

"மம்மி. அங்க உடைஞ்சிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் பதில் யோசிப்பதற்குள் குருவம்மாள் கூழ்ப்பானையோடு நடுவில் வந்து நின்றாள்.

"ஐயோ பாப்பா, டெலிபோனம்மா விழவே இல்ல! அவசரமா இறங்கினாங்க, அவ்வளவுதான். நான்தான் தூக்கி விட்டேன்."

ஜூன் 15, திங்கள்

எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறிவு இல்லை. சுளுக்குத்தான், இந்த வாரம் கட்டோடு இருக்க வேண்டும். ஜெசிந்தா சனிக்கிழமை வரை லீவு போட்டுவிட்டாள். அதிகம் பேசவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரவு சாப்பிடும்போது நானே ஆரம்பித்தேன். "வாக்குக் கொடுத்தேன். சைக்கிளை எடுத்துக்கோ."

"விழலைன்னு சொன்னீங்களே?"

"இறங்கினேன். ஆனா நீ கேட்கிற அர்த்தத்துல பார்த்தா..." வாக்கியத்தை முடிக்கவில்லை. ரசத்தை ஊற்றினேன்.

"முடிவு அப்புறம் சொல்றேன்," என்றாள்.

சென்னைக்கு எதையெல்லாம் எடுத்துப் போவது என்று பார்த்தேன். அவருடைய போட்டோ, ஜெபமாலை, நான்கு புடவை. சைக்கிள் லிஃப்டில் நுழையுமா என்று ஒருமுறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜூன் 17, புதன்

காலையில் பால் தீர்ந்துவிட்டது. எனக்குக் கை கட்டு. ஜெசிந்தா தானே போவதாகச் சொல்லி, என் சைக்கிளை எடுத்தாள். "பார்த்துப் போ. இஸ்திரி மேஜை மறுபடி வந்தாச்சு. அப்பளமும் இருக்கும்," என்றேன்.

"மம்மி, நான் இதே சைக்கிள்லதான் கத்துக்கிட்டேன். சும்மா இருங்க."

ஸ்லாப் மாற்றிவிட்டார்கள். புதிய பலகை, வண்ணமில்லாமல், மற்றவற்றைவிடச் சற்று உயரமாக. கூழ் வண்டி அதற்குப் பக்கத்தில். வெங்கடபதி சாரின் கார் அதே நீள்சதுரத்துக்குள் அளவாகத் திரும்பி வந்துவிட்டது. தள்ளியவர்களுக்கு அவர் நன்றி சொன்னாராம்.

ஜெசிந்தா நேரம் கழித்து வந்தாள், சைக்கிளை உருட்டிக்கொண்டு. சுடிதாரின் முழங்காலில் கிழிசல். கன்னத்தில் அப்பள மாவு. பால் பாக்கெட் இரண்டில் ஒன்றுதான் இருந்தது.

வாசலில் நின்று அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"இறங்கினேன், மம்மி," என்றாள். "கொஞ்சம் அவசரமா."

டெட்டால் எடுத்துக் கொடுத்தேன். எதுவும் கேட்கவில்லை. நல்ல பள்ளியில் படித்தவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் எதுவும் கேட்பதில்லை.

டெட்டால் எரியும்போது அவளே பேசினாள். "அந்த போர்டை யாரு மம்மி நடு ரோட்ல நட்டது? அந்தக் கார்! ஒரு ஆட்டோக்காரன் நான் கையை நீட்டினதும் ஏறச் சொல்றான். மாநகராட்சி நம்பர் குடுங்க." கொடுத்தேன். அறைக்குள் அவள் குரல் கேட்டது: "யாருன்னு நீங்கதான் சார் முதல்ல சொல்லணும்!"

அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பால் பொங்கிவிட்டது. இருந்ததே ஒரு பாக்கெட்.

ஜூன் 20, சனி

கட்டைப் பிரித்தாகிவிட்டது. ஜெசிந்தா தன் முடிவைச் சொன்னாள். சைக்கிள் இருக்கலாம். நானும் இருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: தினமும் இரவு போனில், இறங்கியிருந்தால் இறங்கினேன் என்று சொல்லிவிட வேண்டும். மறைக்கக் கூடாது. முகத்தைக் காட்டிப் பேச வேண்டும். ஃபேனைக் காட்டக் கூடாது.

"அதுக்கு அப்புறம் எதுவும் கேட்க மாட்டியா?"

"எங்க இறங்கினீங்கன்னு கேட்பேன். அந்த இடத்துக்குப் புகார் குடுக்கணும்ல."

மாலைப் பூசைக்குச் சைக்கிளில் கிளம்பினேன். அவள் தனக்கு ஊருக்குப் போகத் துணி எடுத்து வைக்கும் வேலை இருக்கிறது என்றாள். போர்டைச் சுற்றி, காரைச் சுற்றி, மேஜையைச் சுற்றிப் போனேன். குருவம்மாள் வண்டியை ஒரு முழம் தள்ளிக் கொடுத்தாள், நான் கேட்காமலே. "பார்த்து இறங்குங்க டெலிபோனம்மா!" என்று கத்தினாள். கூழ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

தையல்கடை தாண்டும்போது கவனித்தேன். எனக்குப் பின்னால், ஒரு லாரி நீளத்துக்கு இடம் விட்டு, ஒரு ஆட்டோ மெதுவாக வந்துகொண்டிருந்தது. என்னை முந்தவுமில்லை, ஹாரன் அடிக்கவுமில்லை. காலியாக வரும் ஆட்டோ இப்படி வராது.

திரும்பிப் பார்க்கவில்லை.

தெருமுனையில் வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டினேன். லேசாக வலித்தது. பின்னால் ஆட்டோ சத்தம் வேகத்தைக் குறைத்தது. நான் வலது பக்கம் திரும்பினேன். அதுவும் திரும்பியது.

ஜூன் 22, திங்கள்

ஜெசிந்தா நேற்று ஊருக்குப் போய்விட்டாள்.

இன்று இறங்கவில்லை.